வார்டிலிருந்து வாசலுக்கு: இயன்முறை மருத்துவக் கல்வியை எழுதுவது யார்?

1. தரையிலிருந்து எழுவது

பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆன பெரியவர். இடது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கிறது. வீட்டில் கட்டில் இல்லை, பாயில்தான் படுக்கை. முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே கணுக்கால் உயரத்துக்கு ஒரு நிலைப்படி. கழிப்பறை கொல்லையில், குந்தி உட்காரும் வகை. தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அந்த வட்டாரத்தைப் பார்த்துக்கொள்ளும் இயன்முறை மருத்துவரோடு நானும் போயிருந்தேன். அண்மையில் பி.பி.டி. என்ற இயன்முறை மருத்துவ இளநிலைப் பட்டம் முடித்த இளைஞர் ஒருவரும் வேலை எப்படி இருக்கும் என்று பார்க்க வந்திருந்தார்.

பெரியவரை எழுப்பி நிற்கவைக்க வேண்டும். இளைஞர் தயங்கினார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் முறை அவருக்கு மனப்பாடம். தரையில் கிடப்பவரை எழுப்புவதை அவர் எங்கும் செய்து பார்த்ததில்லை. மூத்தவர் அந்த வீட்டம்மாவைக் கூப்பிட்டு, “அம்மா, தினமும் நீங்க எப்படித் தூக்குவீங்களோ அதை அப்படியே செய்ங்க” என்றார். அவர் கணவரின் இடது கையைப் பற்றி இழுத்தார். “ஐயோ, அந்தக் கையை இழுக்கக் கூடாதும்மா. தோள் மூட்டு இறங்கி வலி கண்டுரும்” என்று தடுத்துவிட்டு மூத்தவர் கீழே உட்கார்ந்தார். பெரியவரை வலப்பக்கம் ஒருக்களிக்கச் செய்து, முழங்கையை ஊன்றி எழுப்பி, மண்டியிடவைத்து, முன்னால் ஒரு முக்காலியை நகர்த்தி, அதில் வலது கையை அழுத்தி வலது காலை முன்வைத்து எழச் சொன்னார். இரண்டாவது முயற்சியில் அவர் எழுந்துவிட்டார். அந்த அம்மாவின் கண்கள் கலங்கின.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் நடந்தது தான் எழுதிய எந்தத் தேர்விலும் வந்ததில்லை என்றார் இளைஞர், திரும்பி வரும் வழியில். குறை அவருடையதன்று. இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது: மருத்துவ அமைப்பு மாறும்போது இயன்முறை மருத்துவக் கல்வி எந்த வழியில் மாறுகிறது, எந்த இடத்தில் மாறாமல் நின்றுவிடுகிறது?

அறிவியல் வளர்கிறது, பாடமும் வளர்கிறது என்பது பொதுவான புரிதல். கல்லூரி ஆண்டுமலர்கள் அப்படித்தான் எழுதும். வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. நோயாளி எங்கே படுத்திருக்கிறார், அவருக்காகப் பணம் கொடுப்பவர் யார் என்ற இரண்டும்தான் இத்துறையின் பாடத்தைப் பெரிதும் எழுதியிருக்கின்றன. பாடத்திட்டக் குழு பின்னால் வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறது.

2. பாடத்தில் படிந்த அடுக்குகள்

பிரிட்டனில் 1894இல் நான்கு செவிலியர் சேர்ந்து தொடங்கிய மசாஜ் பயிற்சியாளர் சங்கத்தில் இத்தொழிலின் வேர் ஒன்று இருக்கிறது. அது பெரும் எண்ணிக்கையில் ஆட்களைத் தேடிய தொழிலாக மாறியது முதல் உலகப் போரில். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும், காயம்பட்ட வீரர்களை மீண்டும் நடக்கவைக்கப் பெண்களைத் திரட்டியது அந்நாட்டு இராணுவ மருத்துவத் துறை. ‘மறுசீரமைப்பு உதவியாளர்’ என்று பெயர். ஆரெகன் மாநிலத்தின் ரீட் கல்லூரியில் மேரி மெக்மில்லன் நடத்திய பயிற்சி சில மாதங்களே நீண்டது. இராணுவ மருத்துவமனை காத்திருக்க முடியாது. படிப்பின் நீளத்தை அந்த அவசரம் முடிவு செய்தது. 1921இல் இவர்களே தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து மெக்மில்லனை முதல் தலைவராக்கினார்கள்.

அடுத்து வந்தது போலியோ. 1952இல் மட்டும் அமெரிக்காவில் ஏறத்தாழ 58,000 பேருக்கு நோய் கண்டது. 1938இல் அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிவைத்த தேசிய அறக்கட்டளை, சிகிச்சைக்கு மட்டுமல்லாமல் இயன்முறை மருத்துவர்களின் படிப்புக்கும் பணம் கொடுத்தது. இன்று முதலாண்டு மாணவர் கையால் தசை வலிமையைச் சோதித்துப் பூச்சியத்திலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போடப் பழகுகிறாரே, அந்த முறை பாஸ்டனில் ராபர்ட் லோவெட்டும் வில்ஹெல்மின் ரைட்டும் போலியோ குழந்தைகளுக்காக உருவாக்கியதிலிருந்து வளர்ந்தது. மின்தூண்டல் பாடத்தில் எஸ்.டி. கர்வ் (தூண்டலின் வலிமை–நேர வளைகோடு) வரைவதற்கு இவ்வளவு இடம் இருப்பதற்கு இரு போர்களின் நரம்புக் காயங்கள் பெரிய காரணம்.

இந்தியாவிலும் கதை ஏறக்குறைய இதுவே. 1952இல் பம்பாயில் போலியோ பரவியது. அடுத்த ஆண்டு மத்திய அரசும் பம்பாய் மாநகராட்சியும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து நாட்டின் முதல் பிசியோதெரபி பள்ளியைத் திறந்தன. தமிழ்நாட்டில் வேலூர் தனக்கென ஒரு பாதை போட்டது. அங்கே தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு, தசைநாணை இடம் மாற்றும் அறுவையை 1940களின் இறுதியில் அறுவை மருத்துவர் பால் பிராண்டு தொடங்கினார். அறுவை முடிந்தால் போதாது. இடம் மாறிய தசைக்கு அதன் புதிய வேலையைக் கற்றுத்தர ஒருவர் வேண்டும். விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பின்னும் அறுவை மருத்துவராகத் தொடர்ந்த மேரி வர்கீஸ், பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறந்தது.

ஆக, நம் பாடப்புத்தகம் ஓர் ஆற்றுப்படுகை மாதிரி. போர் ஓர் அடுக்கு, போலியோ ஓர் அடுக்கு. இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளிக்கு 2011 ஜனவரி 13 அன்று ஹௌராவில் நோய் கண்டது. வண்டல் கொண்டுவந்த வெள்ளம் வடிந்துவிட்டது. அடுக்கு அப்படியே கிடக்கிறது.

3. நிமிடக் கணக்கு

பணம் எப்படிப் பாடம் நடத்தும் என்பதை மிகத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். எங்கே எவ்வளவு கட்டணம் என்பது அங்கே விதியாக எழுதப்பட்டிருப்பதால் காரணமும் விளைவும் கண்ணுக்குத் தெரிகின்றன.

1965இல் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு வந்தது. மருத்துவமனைகளிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் இயன்முறை மருத்துவம் கட்டணம் பெறும் சேவையாகி, வேலைகள் பெருகின, கல்லூரிகளும் பெருகின. 1997இல் சமநிலை வரவு-செலவுச் சட்டம் அதை எதிர்த்திசையில் திருப்பியது. பராமரிப்பு இல்லங்களுக்குச் செலவுக்கேற்பக் கொடுத்துவந்த பணம், முன்கூட்டியே நிர்ணயித்த தொகையாக மாறியது. வெளிநோயாளிகளுக்கு இயன்முறை மருத்துவமும் பேச்சுப் பயிற்சியும் சேர்த்து ஆண்டுக்கு 1,500 டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 1999 தொடக்கத்தில் அது அமலானது. முதியோர் இல்லங்களில் பணியாளர்களைக் குறைத்தார்கள். அதே 1997இல் அமெரிக்க இயன்முறை மருத்துவர் சங்கத்துக்காகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, தேவைக்கு மிஞ்சிய பட்டதாரிகள் உருவாகப்போகிறார்கள் என்று கணித்திருந்தது. விண்ணப்பங்கள் சரிந்தன. சில ஆண்டுகளில் பேச்சு பற்றாக்குறைக்கு மாறிவிட்டது. கட்டண விதி ஒரே இரவில் மாறும். அதை நம்பிச் சேர்ந்த மாணவர் வெளியே வரப் பல ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்வது ஒரு முழுத் தலைமுறை. உச்சவரம்பு முற்றாக நீங்கியது 2018இல்தான்.

ஆட்கள் எண்ணிக்கையைவிட ஆழமாகப் போனது வேறொன்று. பராமரிப்பு இல்லத்துக்குக் கிடைக்கும் தொகை, நோயாளி வாரத்தில் எத்தனை நிமிடம் சிகிச்சை பெற்றார் என்பதை வைத்துக் கணக்கிடப்பட்டது. உச்சப் படிநிலைக்கு வாரம் குறைந்தது 720 நிமிடம். அங்கே களப்பயிற்சிக்குப் போன மாணவர் எதைக் கற்றிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மூதாட்டி களைத்துவிட்டார், இன்றைக்குப் போதும் என்று நிறுத்துவது மருத்துவ முடிவு. எண்ணிக்கை 720ஐத் தொடவில்லை என்பது நிர்வாகக் கவலை. இரண்டும் ஒரே அறையில் நிற்கும்போது மாணவர் இரண்டாவதன் குரலையும் பாடமாகவே கேட்டுக்கொள்வார். 2019 அக்டோபர் 1இல் இந்த முறை போய், நோயாளியின் நிலையை வைத்துத் தொகை தீர்மானிக்கும் முறை வந்தது. உடனே பல இடங்களில் சிகிச்சையாளர்களுக்கு வேலை போனது. நேற்றுவரை ‘அவசியம்’ என்று எழுதப்பட்ட நிமிடங்கள் எவ்வளவு தூரம் நோயாளிக்காக இருந்தன என்ற கேள்வியை அந்தப் பணிநீக்கமே எழுப்பிவிட்டது.

இன்னொரு விதி சின்னது. கல்வியைப் பொறுத்தவரை அதுதான் மிகக் கூர்மையானது. மெடிகேரின் வெளிநோயாளிப் பிரிவில் மாணவர் தானாகச் செய்த சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. உரிமம் பெற்றவர் அதே அறையில் இருந்து, வேறு நோயாளியைக் கவனிக்காமல், முடிவுகளைத் தானே எடுத்து வழிநடத்தினால் மட்டுமே அது அவருடைய சேவையாகக் கணக்கில் வரும். நோயாளியின் பாதுகாப்புக்கு இந்த விதி நியாயமானது. ஆனால் மாணவரை ஏற்கும் மையத்துக்கு ஒவ்வொரு மாணவரும் ஒரு செலவாகிறார். களப்பயிற்சிக்கு இடம் தேடுவது அங்குள்ள கல்லூரிகளின் தீராத தலைவலி. அதன் வேர்களில் ஒன்று இந்த விதி.

4. பட்டம் ஏறிய உயரம்

இதே காலத்தில் பட்டம் மேலே மேலே போனது. சான்றிதழ் இளநிலைப் பட்டமாயிற்று, இளநிலை முதுநிலை ஆயிற்று. 1993இல் நெப்ராஸ்காவின் கிரைட்டன் பல்கலைக்கழகம் முனைவர் நிலையிலான டி.பி.டி. படிப்பில் முதல் மாணவர்களைச் சேர்த்தது. 2000இல் அமெரிக்க இயன்முறை மருத்துவர் சங்கம் ‘2020க்கான தொலைநோக்கு’ என்று அதையே இலக்காக அறிவித்தது. 2015 முடிவுக்குள் அங்கீகாரம் பெற்ற எல்லாப் படிப்புகளும் டி.பி.டி. ஆகிவிட வேண்டும் என்று அங்கீகார அமைப்பு விதித்தது.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? ஆதரிப்பவர்கள் சொல்லும் விளக்கம் வலுவானது. 1957இல் நெப்ராஸ்காவில் தொடங்கி 2015க்குள் ஐம்பது மாநிலங்களிலும் மருத்துவரின் சீட்டு இல்லாமல் நேரடியாக இயன்முறை மருத்துவரைப் பார்க்கும் உரிமை ஏதோ ஒரு வடிவில் வந்துவிட்டது. முதுகுவலி என்று வருபவருக்குப் பின்னால் புற்றுநோயோ தொற்றோ ஒளிந்திருக்கலாம். அதைக் கண்டுபிடித்து உரிய மருத்துவரிடம் அனுப்பும் அறிவு முதல் ஆளாகப் பார்ப்பவருக்கு வேண்டும். மருந்தியலும் படிமவியலும் பாடத்துக்குள் வந்தது அதனால்தான். இந்த வாதத்தை நான் ஏற்கிறேன்.

ஆனால் விமர்சகர்கள் கேட்பதற்கு இன்னும் சரியான பதில் வரவில்லை. பட்டத்தின் உயரத்துக்கேற்பக் காப்பீட்டுக் கட்டணம் உயரவில்லை. மெடிகேரின் கட்டண அட்டவணையில் முனைவர் பட்டம் பெற்றவர் நடக்கவைத்தாலும் பழைய இளநிலைப் பட்டதாரி நடக்கவைத்தாலும் தொகை ஒன்றே. வித்தியாசத்தை மாணவர் கடனாகச் சுமக்கிறார். கடன் சுமப்பவர், சம்பளம் குறைந்த ஊர்ப்புற வேலையைத் தேர்ந்தெடுப்பது கடினம். முதல் தொடர்பு மருத்துவராக ஊருக்குப் போகவேண்டியவரை உருவாக்கிய படிப்பே அவரை நகரத்துக்குத் தள்ளுகிறது. பட்டம் தொழிலின் கண்ணியத்துக்குப் பதில் சொன்னது. நோயாளி இருக்கும் இடத்துக்கு அது பதில் சொல்லவில்லை.

இந்த மாற்றம் கடல் தாண்டி நம்மையும் தொடுகிறது. அமெரிக்காவில் உரிமம் தேடும் தமிழ்நாட்டுப் பட்டதாரியின் பி.பி.டி.யை அங்குள்ள படிப்போடு பாடம் பாடமாக ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். குறையும் பாடங்களை அவர் தனியே படித்து ஈடுகட்ட வேண்டும். அங்கே வாசல் உயர உயர, இங்கே மாணவர் சேர்க்கைக்கு விளம்பரம் செய்யும் கல்லூரிக்கு ‘வெளிநாட்டுக்கு ஏற்ற பாடம்’ என்பது ஒரு கவர்ச்சி. கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சமணப்பள்ளிக்குப் போகவேண்டியவருக்கும் டெக்சாஸ் போகத் துடிப்பவருக்கும் ஒரே பாடத்திட்டம். அதில் எந்தப் பக்கம் இழுவை அதிகம் என்று சொல்லத் தேவையில்லை.

5. நம் சட்டமும் நம் பாடமும்

இந்தியாவில் இத்துறைக்கு நீண்ட காலம் தாய்வீடு இல்லை. 1992இன் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம் பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் முதலானோரைச் சேர்த்துக்கொண்டது. இயன்முறை மருத்துவர் வெளியே நின்றார். டெல்லி, மகாராஷ்டிரம் போன்ற சில மாநிலங்கள் தனிக் கழகம் அமைத்தன. பிற இடங்களில் பல்கலைக்கழகத்தின் இணைப்பே கட்டுப்பாடு. தேசிய அளவில் ஒரு குறைந்தபட்ச அளவுகோல் சட்டமாக வந்தது 2021இல், துணை மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில். அதன் வழியாக 2025இல் திறன் அடிப்படையிலான புதிய பாடத்திட்டம் வந்திருக்கிறது. இங்கே நான்கரை ஆண்டாக இருந்த படிப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப்போடு ஐந்து ஆண்டாகிறது.

இது நல்ல முன்னேற்றம். பழைய ஆறு மாத இன்டர்ன்ஷிப்பில் துறை துறையாகச் சுற்றி முடிப்பதற்குள் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். ஆனால் பாடத்திட்டத்தையொட்டி வெளியே நடந்த விவாதம் எதைப் பற்றியது? பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடலாமா என்பதைப் பற்றி. 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் கூடாது என்று கடிதம் எழுதி, சூட்டோடு சூடாக அதைத் திரும்பப் பெற்றது. மரியாதை கேட்பதில் தவறில்லை. பல பத்தாண்டுகளாக ‘மசாஜ் பண்றவங்க’ என்று அழைக்கப்பட்டவர்களின் காயம் அதில் இருக்கிறது. என் வருத்தமெல்லாம், கூடுதலாகக் கிடைத்த ஆறு மாதத்தை மாணவர் எந்த இடத்தில் கழிக்கப்போகிறார் என்பதற்கு அந்த விவாதத்தில் கால்பங்கு கவனம்கூடக் கிடைக்கவில்லை என்பதுதான்.

நோயாளி இருக்கும் இடமோ அதற்குள் மாறிவிட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சமணப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கு வந்தது. கூடவே இயன்முறை மருத்துவமும் வலிதணிப்புச் சிகிச்சையும் வந்தன. வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவர் என்பது திட்டத்தின் அமைப்பு. 2024இல் ஐ.நா. அமைப்பின் விருது பெற்ற திட்டம் இது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இன்னொன்று: பிசியோதெரபி துறை அறைக்கு ஒருநாளும் வந்துசேர முடியாத நோயாளியை அரசின் செலவில் இத்தொழில் பெரிய அளவில் சந்திக்கத் தொடங்கியது இதனால்தான். வேனுக்கு வாடகை கொடுத்து வாரம் மூன்று முறை வரமுடிந்தவர்களையே பெரும்பாலும் பார்த்துப் பழகிய தொழில் அது.

துறை அறையை நினைத்துப் பாருங்கள். பாரலல் பார், ஷோல்டர் வீல், வேக்ஸ் பாத், சுவரோரம் ஐ.எஃப்.டி. மின்சிகிச்சைக் கருவி. நாம் முன்னேற்றத்தை அளக்கும் கோலும் அந்த அறையைச் சேர்ந்ததே. 1965இல் வெளியான பார்தெல் குறியீட்டில் பத்து அம்சங்கள்: சாப்பிடுவது, குளிப்பது, படியேறுவது என்று போகும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கு மட்டும் நூற்றில் 15 மதிப்பெண். தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா என்ற கேள்வி அதில் இல்லை. சம்மணமிட்டுச் சாப்பிடுவதும் குந்தி உட்கார்வதும் அன்றாடமாக இருக்கும் வீட்டில், நூற்றுக்கு நூறு வாங்கியவர் பந்தியில் உட்கார முடியாமல் ஓரமாக நிற்கலாம். அளவுகோல் கேட்காததை மாணவர் கற்கமாட்டார். அன்று அந்த வீட்டில் இளைஞர் தயங்கியதன் விளக்கம் இங்கே இருக்கிறது.

6. வீட்டுக்குப் போனால் மட்டும் போதுமா?

‘அப்படியானால் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற முடிவுக்கு உடனே பாயக்கூடாது. இந்தியாவிலேயே நடந்த ஒரு பெரிய ஆய்வு அதற்குக் குறுக்கே நிற்கிறது. ‘அட்டெண்ட்’ என்ற பெயரில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதியினருக்கு அதோடு, வீட்டில் எப்படிப் பயிற்சி தருவது என்று குடும்பத்தாருக்கும் பயிற்சி. ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கமும் 47 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள் அல்லது பிறரைச் சார்ந்திருந்தார்கள். வித்தியாசமே இல்லை.

இதைச் சிலர் வீட்டுவழிச் சிகிச்சையின் தோல்வியாகப் படிக்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. அந்த ஆய்வு சோதித்தது, பயிற்சியின் பெரும்பகுதியைக் குடும்பத்தின் தோளில் வைப்பதை. தேர்ந்த சிகிச்சையாளர் மாதக்கணக்கில் வீட்டுக்கே வந்து, தவறைத் திருத்தி, அடுத்த படிக்கு ஏற்றுவது வேறு வகை. அதே சமயம் அந்த முடிவிலிருந்து தப்பவும் முடியாது: செய்து காட்டிவிட்டு வந்தால் குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பொய்த்திருக்கிறது. அந்த வீட்டம்மா நான்கு மாதம் அன்போடுதான் இடது கையைப் பிடித்து இழுத்துவந்தார். ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒரே ஆள் என்றால் அடுத்த முறை அவர் வர எத்தனை நாளாகும் என்பதும் சிகிச்சையின் பகுதியே.

எனவே கல்வி இங்கே தரவேண்டியது, சமூக மருத்துவத் தாளில் இன்னொரு அலகு அல்ல. படித்துத் தேறும் விஷயமாக இது இல்லை. வீட்டைப் படிக்கும் கண் வேண்டும்: நிலைப்படியின் உயரம், கொல்லைக்குப் போகும் வழியில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், அவருக்கே முழங்கால் தேய்மானம் இருக்கிறதா. கருவி இல்லாமல் வேலை செய்யும் கை வேண்டும். ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் திரும்பச் செய்து காட்டச் சொல்லும் பொறுமை வேண்டும். இவை எல்லாம் ஒரு மூத்தவரின் பக்கத்தில் நின்றுதான் வரும். மறுவாழ்வுச் சேவையால் பயனடையக்கூடிய நிலையில் உலகில் 241 கோடிப் பேர் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் பங்கேற்போடு ‘லான்செட்’ வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் எந்தத் துறை அறைக்கும் வரப்போவதில்லை.

புதிய இன்டர்ன்ஷிப்பில் மூன்று மாதமாவது வட்டார இயன்முறை மருத்துவரோடு வீடு வீடாகச் செல்லும் பயிற்சியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. சுற்றிப்பார்க்கும் முகாமாக இல்லாமல், மாணவர் தன் பெயரில் ஐந்தாறு நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து, மூன்று மாத முடிவில் அவர்கள் தரையிலிருந்து எழுகிறார்களா என்று எழுதித்தரும் பயிற்சியாக. தேர்வாளரும் அந்த வீடுகளில் ஒன்றுக்காவது வரவேண்டும்.

இதற்குத் தடை எங்கே வரும் என்பதும் தெரிந்ததுதான். அன்று மாலை ஆரம்பச் சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து அந்த வட்டார இயன்முறை மருத்துவர் பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்தார். நோயாளியின் பெயர், நோய், எத்தனையாவது வருகை, அன்றைய மொத்த எண்ணிக்கை. இளைஞர் உடன் வந்ததால் அன்றைக்கு இரண்டு வீடு குறைந்திருந்தது. “தம்பி வந்ததை எங்கே சார் எழுதறது?” என்று என்னைக் கேட்டார். நான் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் பார்த்தேன். அதற்கு ஒரு கட்டம் இல்லை.